அறையை விட்டு வெளியே போகத்தான் வேண்டுமா?

வணக்கம்.

நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தைப் பற்றிய லாரி கிராமரின் 'த நார்மல் ஹார்ட்' நாடகப் பிரதியைப் படித்தேன். 2014இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக ரையன் மர்பி இயக்கிய படத்தையும் பார்த்தேன். நாடகம் மருத்துவரின் அறையில் தொடங்குகிறது, படமோ நியூயார்க் அருகே ஃபயர் ஐலண்ட் கடற்கரையில். நாடகத்தைப் படமாக்குவது என்றால் நான்கு சுவர்களை விட்டு வெளியே வருவதுதானா? நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் மேடை நாடகம் ஒன்றைச் சிறு செலவில் 90 நிமிடப் படமாக எடுக்க நினைக்கிறோம். கதை 1986இல் நியூயார்க்கில் நடக்கிறது. இரண்டு தன்பாலீர்ப்பு நண்பர்கள், ஒருவருக்கு எய்ட்ஸ். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. அந்தக் கடற்கரை வெளிப்புறக் காட்சி வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டதல்ல. நாயகன் நெட் வீக்ஸ் படகில் வந்து இறங்குகிறான், உடலைக் கொண்டாடும் கூட்டத்துக்கு நடுவில் ஒட்டாமல் நடக்கிறான். பிறகு நோயைப் பற்றி அவன் எழுப்பும் எச்சரிக்கையை நண்பர்கள் ஏன் வெறுக்கிறார்கள் என்பதற்கான விளக்கம் அந்தச் சில நிமிடங்களிலேயே கிடைத்துவிடுகிறது. நாடகத்தில் வாக்குவாதங்கள் வழியாக மெல்லத் தெரிய வரும் விஷயம் இது. புதிய இடம் ஒன்றைச் சேர்த்தால் அது பல பக்க வசனத்தையாவது வெட்ட உதவ வேண்டும். உதவாவிட்டால் அறையிலேயே இருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மேடையில் ஒருவர் பேசும்போது கேட்பவரும் கண்ணெதிரே இருக்கிறார். நோயைப் பற்றிய இந்த நாடகங்களில் நட்பு பெரும்பாலும் அந்தக் கேட்பவரின் உடம்பில்தான் இருக்கிறது. அவர் நகர்ந்து உட்காருவதில், தண்ணீர் எடுக்க எழுந்து பாதியில் நிற்பதில். படத்தில் பேசுபவருக்கு குளோசப் போட்ட கணமே கேட்பவர் காணாமல் போகிறார்.

நெட்டின் நண்பன் புரூஸ் தன் காதலன் ஆல்பர்ட்டின் சாவை நெட்டிடம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். தாயைப் பார்க்க ஃபீனிக்ஸுக்கு விமானப் பயணம், புத்தி கலங்கி உடல் கட்டுப்பாடு இழந்தவன், மருத்துவமனையில் இறப்புச் சான்றிதழ் தர மறுப்பு, கடைசியில் உடலைக் குப்பைப் பையில் கட்டிப் பின்வாசல் வழியாக வெளியே போடுவது. நாடகத்தில் அது முழுக்கப் பேச்சு. படத்தில் புரூஸின் குரலோடு அந்தப் பயணம் கண்ணுக்கே காட்டப்படுகிறது. அந்தக் கறுப்புப் பையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்வையாளரின் கவனம் நெட்டை விட்டுப் போய்விடுகிறது. அதுவரை மோதிக்கொண்டே இருந்த இருவரில் ஒருவன் வாயடைத்துக் கேட்கிறான் என்பதுதான் மேடையில் அந்தக் காட்சியின் பலம். உங்களிடம் இப்படி ஒரு நீண்ட பேச்சு இருந்தால் இருவரும் ஃபிரேமில் இருக்கும்படி ஒரு ஷாட்டில் முழுப் பேச்சையும் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு கேட்பவரின் முகத்தை, அதுவும் முழுப் பேச்சுக்கும். பேசுபவரின் குளோசப் மூன்றாவதுதான். நேரம் போதாத நாளில் வழக்கமாகக் கைவிடப்படுவது கேட்பவரின் ஷாட். எடிட்டிங் மேஜையில் உட்காரும்போது தேடுவதும் அதைத்தான்.

மேடையில் வேலை செய்த பொருள் திரையில் செய்யாது. 1985இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் இந்த நாடகம் முதலில் நடந்தபோது வெள்ளைச் சுவர்களில் நோயாளிகளின் எண்ணிக்கையும் தகவல்களும் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. பார்வையாளர் நாடகம் முழுக்க அவற்றைப் படித்துக்கொண்டே இருந்தார். அதையே திரையில் காட்டினால் வெறும் பின்னணி. படத்தில் அந்த வேலையை நெட்டின் நண்பர் டாமியின் ரோலோடெக்ஸ் முகவரி அட்டைகள் செய்கின்றன. நண்பர் ஒருவர் இறந்தால் அவர் அட்டையைப் பிடுங்கி ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார், கட்டு தடித்துக்கொண்டே போகிறது. கடைசி வரிசை ரசிகருக்குத் தெரியாத அளவு சின்னப் பொருள், ஆனால் கேமராவுக்குப் போதும். உங்கள் நாடகத்தில் சுவரோ விளக்கோ இசையோ செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைத் தேடுங்கள்.

அடுத்தது உடம்பு. மேடையில் ஒரு போர்வையும் ஒரு கைத்தடியும் போட்டால் ரசிகர் நம்பிவிடுவார். திரை அப்படி நம்பாது. மர்பியின் படத்தில் நெட்டின் காதலன் ஃபீலிக்ஸாக நடித்த மாட் போமர் சுமார் 18 கிலோ எடை குறைப்பதற்காகப் படப்பிடிப்பையே சில மாதங்கள் நிறுத்தினார்கள். உங்களால் அது முடியாது, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நடிகரைப் பட்டினி போடவும் கூடாது. கழுத்திலிருந்து தொடங்குங்கள். நடிகரின் சட்டைக் காலர் 15 அங்குலம் என்றால் கடைசிக் கட்டத்துக்கு 16½ தைக்கச் சொல்லுங்கள். கைக்கடிகாரப் பட்டை முழங்கை வரை வழுக்க வேண்டும். நெற்றிப்பொட்டு, கன்னக்குழி, காறை எலும்பு மூன்றுக்கும் நிழல் மேக்கப். விளக்கு சற்று மேலிருந்து வந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

எய்ட்ஸ் நோயாளிகளின் தோலில் வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோயின் தழும்புகளில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வட்டமாக, ஒரே நிறத்தில், அச்சுக் குத்தியதுபோல் வரைகிறார்கள். உண்மையில் ஓரம் ஒழுங்கில்லாமல், தோலின் மடிப்பு வாக்கில் நீண்டு, ஊதாவிலிருந்து பழுப்பு வரை மாறும். கறுத்த தோலில் இன்னும் இருண்டு தெரியும். பாதம், மூக்கு நுனி, வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் வரும். கிரீம் மேக்கப் தலையணையில் ஒட்டிக் காட்டிக் கொடுத்துவிடும், ஆல்கஹாலில் கரைத்துப் பூசும் வண்ணம்தான் வியர்வைக்குத் தாங்கும். ஒரு முறை வரைந்ததும் கண்ணாடித்தாளை மேலே வைத்துப் பிரதி எடுத்து, அந்த இடங்களில் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தழும்பு அரை அங்குலம் நகர்ந்திருந்தால் ரசிகர் காரணம் தெரியாமலே நம்பிக்கை இழப்பார். நோயை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சி எண்ணுக்கும் எந்தக் கட்டம், எத்தனை தழும்பு என்று அட்டவணை போடாமல் ஷெட்யூல் போடாதீர்கள். எஞ்சிய குழப்பம் எல்லாம் அதில்லாததால் வருவதுதான்.

மூச்சையும் கவனியுங்கள். இந்த நோயாளிகளைக் கொன்ற நியுமோசிஸ்டிஸ் நிமோனியாவில் பெரும்பாலும் வறட்டு இருமல்தான், கூடவே மூச்சு வாங்கும். சளியோடு முழங்கி இருமும் நடிகரை நிறுத்துங்கள். அப்படி மூச்சு வாங்குபவரால் மூன்று பக்க வசனம் பேச முடியாது. மேடை மரபு அதை அனுமதிக்கிறது, குளோசப் அனுமதிக்காது. அந்த வசனத்தைச் சுருக்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நோயாளி நான்கைந்து சொற்களில் நிறுத்தட்டும், மீதியை நண்பர் முடிக்கட்டும். சில இடங்களில் தவறாக முடிக்கட்டும், மற்றவர் தலையை ஆட்டித் திருத்தட்டும். பல வருட நட்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிருக்காது.

ஆண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். எய்ட்ஸுக்கான முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு 1987 மார்ச்சில். கிராமரின் கதை 1981 முதல் 1984 வரை நடப்பதால் தனக்குத் தொற்று இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அங்கே யாருக்கும் வழியில்லை, அந்தப் பயமே நாடகத்தை ஓட்டுகிறது. உங்கள் 1986இல் நிலைமை வேறு. முடிவு கையில் இருக்கும், மருந்துக்கடையில் மருந்து இருக்காது. ஏ.இசட்.டி. சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரைதான், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. மருந்து பெற்றவர்களில் மரணம் வெகுவாகக் குறைந்திருந்ததால் செப்டம்பரில் அந்த ஒப்பீட்டை நிறுத்தினார்கள். அந்த மாத்திரைப் பாட்டிலைப் பார்த்தபடி இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி உங்கள் நாடகத்தில் இல்லை என்றால் எழுதிச் சேருங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பீப் அடிக்கும் மாத்திரை டப்பாவை மட்டும் வைத்துவிடாதீர்கள், அது பிந்தைய காலம்.

நெட் மளிகைச் சாமான்களை ஃபீலிக்ஸ் முன்னால் வீசி, பாலைத் தரையில் கொட்டும் காட்சி போல உங்களிடமும் ஒன்று இருந்தால் இரண்டு கேமரா வாடகைக்கு எடுக்க அந்த ஒரு நாள் போதும். ஒவ்வொரு டேக்குக்கும் உலர்ந்த துணி ஒரு செட், தரை துடைக்க அரை மணி. மூன்று செட்டுக்கு மேல் தைக்கப் பணம் இருக்காது, அதனால் மூன்று டேக்தான். ஒரு கேமரா தரையில் இருப்பவர் முகத்தை விட்டு அசையக்கூடாது.

மேடை நடிகர்களையே வைத்துக்கொள்ளுங்கள். டெரன்ஸ் மெக்நாலியின் 'லவ்! வேலர்! கம்பாஷன்!' 1997இல் படமானபோது மேடையில் இயக்கிய ஜோ மான்டெல்லோவே இயக்கினார், ஏழு நடிகர்களில் ஆறு பேர் மேடையிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கொருவர் பழகிய உடல்களைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. குரலை மட்டும் இறக்க வேண்டும். படமெடுக்கப் போகும் அதே அறையில், மூன்றடி தூரத்தில் எதிரெதிரே உட்கார வைத்து, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காத அளவில் முழு நாடகத்தையும் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். எந்த வசனம் தேவையில்லை என்பதை மூன்றாவது நாளே அவர்களே சொல்லிவிடுவார்கள்.