நன்றி நோட்டில் இல்லாத பெயர்

அன்புள்ள அக்கா,

காவிரி டெல்டாவில் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2020இல் கொரோனா வந்தபோது கணவர் சென்னையில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். 3 ஏக்கர் நிலம், இயற்கை விவசாயம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள்.

சாதனை என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றாடமே நிறைவாக இருக்கிறது. காலையில் வேன் ஹாரன் கிடையாது, டை கட்டும் அவசரம் கிடையாது. புதுத்தண்ணீர் வந்த அன்று நான்கு பேரும் வாய்க்கால் கரையில் அரைநாள் உட்கார்ந்திருந்தோம். மகன் தோசையை மடித்து மடித்துப் பின்னம் கற்றுக்கொண்டான். ராத்திரி படுக்கும் முன் அன்றைக்கு நன்றி சொல்லவேண்டிய மூன்று விஷயங்களை ஆளுக்கொரு நோட்டில் எழுதுவோம். நேற்று அவன் எழுதியது: ‘தோசைக்கு நன்றி. மழைக்கு நன்றி. கன்றுக்குட்டிக்கு நன்றி.’ சில நாள் மத்தியானம் காரணமே இல்லாமல் எனக்கு அழுகை வரும். அப்போது அந்த நோட்டை எடுத்துப் படிப்பேன், சரியாகிவிடும்.

மாமியார் எங்களோடு இருக்கிறார், சமையலை அவர் பார்த்துக்கொள்கிறார். அவருக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. ‘ஊர்ப் பிள்ளையெல்லாம் பள்ளிக்கூடம் போவுது, இதுக ரெண்டும் நாள் முழுக்க என் காலைச் சுத்துது’ என்று தினமும் புலம்பல். பாத்திரம் தேய்க்க வருகிறவரின் மகள் பாவம், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கும்போது எங்கள் பிள்ளைகள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றும். நம் முன்னோர் வீட்டிலும் திண்ணையிலும் படித்தவர்கள்தானே? தமிழ்த் தாத்தா உ.வே.சா. எந்த கான்வென்டுக்குப் போனார்? இதை மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது? பிள்ளைகளுக்கு என்ன புத்தகங்கள் வாங்கலாம்? பின்னால் தேர்வெல்லாம் எழுத முடியுமா?

கே.

*

அன்புள்ள கே.,

புத்தகப் பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடுவது அந்தத் தோசைக்காக.

தோசைக்கு நன்றி என்று பிள்ளை எழுதியிருக்கிறான். வார்த்தவர் யார்? முந்தின நாள் அரிசியும் உளுந்தும் களைந்து ஊறப்போட்டு, அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி மாவு பொங்கி வழிந்துவிடுமோ என்று பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கல்லைக் காயவைத்தவர் யார்? அவன் தோசையை அரையாக, காலாக, அரைக்காலாக மடித்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது அடுத்த தோசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அடுப்படியில் நின்றது யார்? அவருக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்தது அரை வரி. ‘சமையலை அவர் பார்த்துக்கொள்கிறார்.’ கன்றுக்குட்டிக்குக் கிடைத்த இடம்கூட உங்கள் வீட்டு நோட்டில் அவருக்குக் கிடைக்கவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். கோபம்தான். ஆனால் அது உங்கள்மேல் மட்டும் இல்லை.

போன மாதம் என் அத்தை செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆளாளுக்கு அவளைப் பற்றிப் பேசினார்கள். பொறுமையில் பூமாதேவி என்றான் ஒருவன். எங்களுக்கெல்லாம் இன்னொரு அம்மா என்றாள் இன்னொருத்தி. எல்லோருமே அழுதார்கள், ஒருவர் அழுகையிலும் பொய்யில்லை. ஆனால் அவள் ஒரு நாளில் என்னென்ன செய்தாள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. என் முறை வந்தபோது நான் அதை மட்டும்தான் சொன்னேன். கார்த்திகை மாதத்து நாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, இருட்டோடு மாட்டுக்கொட்டில் கூட்டுவதில் ஆரம்பித்து, ராத்திரி பாலுக்கு உறை ஊற்றி உறியில் வைப்பதுவரை வரிசையாகச் சொன்னேன். பாதியில் எழுந்துபோனவர்கள் உண்டு. அன்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அத்தை கல்யாணமான மூன்றாம் வருடமே தாலியறுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். 1977 நவம்பர் 12 விடியற்காலை நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலைக் கீழத்தஞ்சையில் என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஊரில் நின்ற தென்னையைவிடச் சாய்ந்தது அதிகம். குடிசை போனவர்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பொங்கல்வரை எங்களுக்கு வகுப்பில்லை. அத்தைதான் பாடம் எடுத்தாள்.

எப்போது எடுத்தாள் என்பதைக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, எச்சில் இலை எடுத்து இடத்தைத் துடைத்து, ராத்திரிக்கு அரிசி புடைக்கும் நேரத்தில். தாழ்வாரத்தில் முறத்தோடு உட்காருவாள், நாங்கள் சுற்றி உட்காருவோம். முறத்தில் கல்லும் நெல்லும் ஒதுக்கிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பாள். தப்பாகச் சொன்னால் கை நிற்கும், கண்ணை மட்டும் நிமிர்த்துவாள். அளவு சொல்லிக்கொடுக்கும் நாளில் பாத்திரங்களே வந்துவிடும். ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி என்று நாங்களே அரிசியைக் கொட்டிக் கொட்டி அளந்து பார்க்கவேண்டும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதற்கு மட்டும் அரிசி காணாது, வாயால் சொல்லிக்கொள்ளவேண்டியதுதான். களத்தில் அளப்பதைப்போலவே ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கவேண்டும். சிந்திய அரிசியைப் பொறுக்கியும் கொடுக்கவேண்டும். கணக்கென்றால் இன்றைக்கும் எனக்குக் கையில் அந்த உழக்கின் விளிம்புதான்.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். அவர்களை வாசலை அடுத்த ரேழி தாண்டவிட என் தாத்தா சம்மதிக்கவில்லை. அத்தை வாதாடவில்லை. மறுநாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய் உட்கார்ந்தாள். பொங்கல்வரை வகுப்பு அங்கேதான் நடந்தது.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சம் எப்படி வந்தது தெரியுமா? அண்ணன்மாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வீட்டுக்கு வருவார். அவருக்குக் காப்பி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கற்றது. நம் முன்னோர் வீட்டிலேயே படித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, இதுதான் அந்தப் படிப்பு. படித்தவன் கூடத்தில் இருந்தான், காப்பி போட்டவள் தூணுக்குப் பின்னால் நின்றாள், ரேழிக்கு வெளியே நின்றவர்களுக்கு அதுவும் இல்லை. பரம்பரைப் பெருமையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

உ.வே.சா.வை இழுத்திருக்கிறீர்கள். அவரைச் சொன்னால் முழுசாகச் சொல்லவேண்டும். 1855இல் பிறந்தவர், பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரம் அவர் ஊர். முதலில் படித்தது திண்ணைப் பள்ளிகளில். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே கிடைக்கும் என்று பார்த்து, அப்பா வேங்கடசுப்பையர் அரியலூர், குன்னம் என்று குடும்பத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோனார். இராமாயணம் சொல்லிப் பிழைத்த மனிதர். போன ஊரில் இருக்க வீடு கொடுத்தவர்களும் அரிசி பருப்பு அளந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் புதுசாக அடுப்புப் போட்டவர் அவருடைய அம்மா. பிறகு மாயவரம், திருவாவடுதுறை மடம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1876இல் அவர் மறையும்வரை பாடம். பாடம் கேட்ட மாணாக்கர்களுக்கு மடத்தில் சாப்பாடு நடந்தது. அந்தப் படிப்புக்கு எத்தனை அடுப்பு எரிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். வயதான காலத்தில் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது, தனக்குச் சோறு போட்டவர்களை ஊர்பேரோடு எழுதிவைத்தார் அவர். பள்ளிக்குப் போகாமல் அறிஞரானார் என்ற கதைக்கு அவரை இழுக்கவேண்டாம்.

அடுத்தது ஊராட்சிப் பள்ளி. பாத்திரம் தேய்க்க வருகிறவரின் மகளை நினைத்துப் பாவப்பட்டிருக்கிறீர்கள். அந்த அம்மா காலையில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க முடிகிறதென்றால், நடவுக் காலத்தில் விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போக முடிகிறதென்றால், அது அந்தப் பள்ளி திறந்திருப்பதால்தான். மத்தியானச் சோற்றுக்கு 1956இல் காமராஜர் திட்டம் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காலைச் சாப்பாடு மாநிலம் முழுக்க ஒன்று முதல் ஐந்துவரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கியது 2023 ஆகஸ்ட் 25, இடம் திருக்குவளை, உங்கள் டெல்டாவில்தான். அடுப்பை மூட்டாமல் ஒரு தாய் வேலைக்குக் கிளம்பலாம் என்பது சின்ன விஷயமா? உங்கள் வீட்டுப் பாத்திரம் துலங்குவதற்கும், உங்கள் காலைநேரம் நிதானமாக இருப்பதற்கும் அந்தப் பள்ளிக்கூடம் காரணம். அதற்கு யார் வீட்டு நோட்டில் நன்றி எழுதுவார்கள்? உங்கள் பிள்ளைகளை அங்கே சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் படிக்கட்டும், நன்றாகவே வளர்வார்கள். அந்தப் பெண்ணைத் தாழ்த்தித்தான் அவர்களை உயர்த்தவேண்டுமா என்று கேட்கிறேன்.

மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு என்ன புரியவில்லை? ‘நாள் முழுக்க என் காலைச் சுத்துது’ என்று அவர் தெளிவாகத்தானே சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைக் கல்வியைப் பற்றிய கருத்து என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் அடுப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீட்டில் ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்தால் பெரியவர்களுக்குச் சாயங்காலம்வரை கொஞ்சம் மூச்சு. உங்கள் வீட்டில் பதினொரு மணிக்குப் பசி, மூன்று மணிக்குப் பசி, நடுவில் ‘பாட்டி, மோர் இருக்கா’. நெல்லும் உளுந்தும் முளைக்கவைத்துப் பார்க்கும் அறிவியலும் அவர் சமையல்மேடையில்தான் நடந்திருக்கும். அறுபது தாண்டியவர் தன் வீட்டில் தனக்கென்று ஒரு மத்தியானம் இல்லாமல் நிற்கிறார். அதைச் சொன்னால் புலம்பல் என்கிறீர்கள். மருமகள் கொள்கையோடு வாழ்கிறாள், மகன் கொள்கையோடு பயிர் செய்கிறார், இரண்டு கொள்கைக்கும் சோறு பொங்குகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படிக் கேட்ட சுவடே இல்லை.

இனி உங்களைப் பற்றி. மத்தியானத்தில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்காரவேண்டும்போல இருந்தது. காரணமில்லாமல் இல்லையம்மா. இரண்டு பிள்ளைகளுக்கு நீங்களே வாத்தியார், நீங்களே தோழி, நீங்களே காவல். பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு பேர் முறைவைத்துப் பார்க்கிற வேலையை நீங்கள் ஒருத்தி பார்க்கிறீர்கள். களைப்பு வரத்தான் செய்யும். அந்தக் களைப்பை யாரிடமும் சொல்லாமல் நோட்டை எடுத்துப் படித்து அடக்குகிறீர்கள். இத்தனை நல்ல வாழ்க்கை கிடைத்தும் அழுகிறோமே என்று உங்களையே கோபித்துக்கொள்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். நிறைவும் உண்மை, களைப்பும் உண்மை. புதுத்தண்ணீர் பார்த்த அரைநாளை உங்களிடமிருந்து யாரும் பிடுங்கப்போவதில்லை. அழுகை வந்தால் அழுதுவிட்டு, அடுத்தாற்போல் கணவரிடம் போய்ச் சொல்லுங்கள். வயலில் வேலை என்பார். குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்குள் அவருக்கும் ஓய்வு நாட்கள் வரும். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகள் முழுக்க அவர் பொறுப்பு, அந்த இரண்டு நாள் சமையலும் அவர் பொறுப்பு. கோடிங் எழுதிய கைக்கு ரசம் வைக்க வராதா?

நன்றி நோட்டை நிறுத்தச் சொல்லமாட்டேன். பையனை ஒருநாள் பாட்டியோடு விடுங்கள். அரிசி களைவதிலிருந்து கடைசித் தோசைவரை கூடவே இருக்கட்டும், மாவில் கைவிட்டுக் கரைக்கட்டும், பாட்டி எத்தனை தரம் குனிந்து நிமிர்கிறாள் என்று பார்க்கட்டும். நோட்டில் எதை எழுதுவது என்பதை அன்றைக்கு அவனே முடிவு செய்துகொள்வான். மகளை மறந்துவிடாதீர்கள், அவளை மட்டும் அடுப்படிக்கு அனுப்பிவிடவும் வேண்டாம்.

புத்தகம் வாங்க அவசரமில்லை, கிளை நூலகத்தில் இருவரையும் உறுப்பினராகச் சேருங்கள். தேர்வுக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. மகளுக்குப் பன்னிரண்டரை வயது முடிந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இந்த மாதமே அதை முடித்துவிடுங்கள், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது அலையவேண்டியிருக்காது.