4294967297 பகா எண்ணா? 641ஐப் போட்டுப் பார்

தம்பி, 3, 7, 11 என்று 300 வரை வகுத்தும் மீதி வருகிறது, அப்போ 4294967297 பகா எண்தானே என்று கேட்டிருக்கிறாய். இல்லை. கணித மேதை ஃபெர்மாவே அப்படித்தான் நம்பினார், 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை இரண்டு எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டினார். இது 2இன் 32ஆம் அடுக்கோடு 1 சேர்ந்த எண், அதனால் இதை மீதியில்லாமல் வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 128இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். நீ போட்ட 3, 7 எல்லாம் வீண் உழைப்பு. அந்த வரிசையில் வரும் 129, 385, 513 பகா எண்களே இல்லை, விடு. 257இல் மீதி 2. அப்புறம் 641தான். தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளை இதைக் கையால்தான் போடச் சொல்வேன், 8 இலக்கக் கால்குலேட்டரில் அடங்காது: 4294இல் 6 தடவை, மீதி 448, 9ஐ இறக்கினால் 4489, 7 தடவை, மீதி வெறும் 2. அப்படியே இறக்கிக்கொண்டு போ, ஈவு 6700417, மீதி 0. அந்த 6700417 பகா எண்தான், அதற்கு மேல் உடையாது.