மறுமொழி: சனமில்லாத, கையூன்றி ஏறக்கூடிய மலை

தம்பி, சிவனொளிபாத மலைச் சனநெரிசல் அலுத்துப்போச்சு, கயிறில்லாம கையூன்றி ஏறுற அமைதியான மலை வேணும், ஆனா கூட வர்ற தங்கச்சிக்குப் பாறைன்னா பயம்னு எழுதியிருந்தீங்க. நுவரெலியாப் பக்கம் இருக்கிற கிரேட் வெஸ்டர்ன் மலைக்குப் போங்க. 2200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. சிவனொளிபாதத்தவிட உயரம் பெரிசா குறைஞ்சதில்ல, ஆனா படிக்கட்டும் கிடையாது, தேத்தண்ணிக் கடையும் கிடையாது.

வட்டகொடைக்கும் ரதல்லைக்கும் நடுவுல அதே பேர்ல ஸ்டேஷன் இருக்கு. எல்லா ரயிலும் நிக்காது, தலவாக்கலையில இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துல கேட்டு, வழி தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிக்கிட்டுப் போங்க. காட்டுக்குள்ள தடம் மாறுறது லேசு. விடியறதுக்கு முன்னாடி ஏறணும்னு ஆசைப்படாதீங்க, சிறுத்தை நடமாடுற பக்கம்.

தேயிலை தாண்டினா காடு, வேரும் கல்லுமா செங்குத்து. வேரைப் பிடிக்க முன்னாடி ஒருக்கா ஆட்டிப் பாருங்க. மேல பாசி பச்சையா இருக்கும், உள்ள உளுத்துப்போய் கையோட வந்திடும். தங்கச்சிய நடுவுல விடுங்க. ஒரு கையையோ காலையோ மட்டும் நகர்த்தி, மத்த மூணும் ஊன்றியிருக்கணும். இறங்கும்போது செங்குத்தான இடத்துல பாறையப் பார்த்துத் திரும்பிக்கிட்டு இறங்கச் சொல்லுங்க, பாதிப் பயம் அங்கயே போயிடும்.

ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல காலம். தென்மேல் பருவ மழையில போகவே வேணாம், கல்லு வழுக்கும், அட்டை பிடுங்கி எடுக்கும். அட்டை ஏறாம மேஸ்ல (காலுறையில) சவர்க்காரம் தேய்ச்சுக்கோங்க. மத்தியானம் மூடுபனி இறங்க முன்னாடி தேயிலைக்குத் திரும்பிடுங்க.