வாசகர் கேள்வி: வெயிலில் வெளுக்கும் பாசி

கேள்வி: பாசி அறையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கீட்டோசெரஸ் (சிலிக்கா ஓடுடைய டயாட்டம் வகை நுண்பாசி) நல்ல பழுப்பு நிறமாக வளர்கிறது. வெளியே உள்ள ஒரு டன் தொட்டிக்கு மாற்றினால் இரண்டே நாளில் வெளுத்து அடியில் படிந்துவிடுகிறது. உரத்தை இரட்டிப்பாக்கியும் பயனில்லை. என்ன காரணம்?
– இறால் குஞ்சுப் பொரிப்பகப் பணியாளர், தொண்டி

பதில்: காலையில் மாற்றுகிறீர்கள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெயிலை. பாசி அறையில் குடுவைமேல் விழுவது சுமார் 3,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு). நம் கரையில் உச்சிவெயில் 1,00,000 லக்ஸைத் தொடும்.

மங்கிய ஒளியில் வளர்ந்த செல்லின் பசுங்கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்பில்) ஒளியைப் பிடிக்கும் நிறமிகள் அதிகம், மிகை ஒளியை வெப்பமாக்கி விடும் நிறமிகள் குறைவு. ஒளி கூடும்போது பசுங்கணிகத்தில் உள்ள தைலகாய்டு பைகளுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலம் டயாடினோசாந்தின் டி-எப்பாக்ஸிடேஸ் என்ற நொதியை முடுக்கிவிடும். அது டயாடினோசாந்தின் என்ற நிறமியை டயாடோசாந்தினாக மாற்ற, டயாடோசாந்தின் மிகை ஒளியை வெப்பமாக வெளியேற்றும். இதெல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும். ஆனால் மாற்றுவதற்கு நிறமி இருப்பு வேண்டுமே! அது பெருகச் சில நாட்கள் பிடிக்கும்.

அதற்குள், ஒளியைக் கொண்டு தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஒளித்தொகுதி இரண்டில் உள்ள டி1 புரதம் சிதைகிறது. சிதைந்த டி1-ஐ எஃப்டிஎஸ்எச் என்ற நொதி வெட்டி அகற்ற, புதியது அந்த இடத்தில் பொருந்தும். எல்லா வெளிச்சத்திலும் இந்தப் பழுதுபார்ப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது. உச்சிவெயிலில் சேதம் அதை முந்திவிடும். அப்போது உருவாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவை புதுப் புரதம் உருவாவதையும் தடுப்பதால், செல் மீள்வது இன்னும் தாமதமாகும்.

உரத்தை ஏற்றியது ஏன் உதவவில்லை? நைட்ரேட் முதலில் நைட்ரைட் ஆகும். அதை அம்மோனியமாக்கும் நைட்ரைட் ரிடக்டேஸ் பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. அதற்கு எலக்ட்ரான் தருவது ஒளியால் இயங்கும் ஃபெரிடாக்ஸின் என்ற புரதம். ஒளித்தொகுதி பழுதானால் இந்தப் படி தடுமாறி, நைட்ரைட் தண்ணீருக்குக் கசியலாம். இறால் குஞ்சுகளுக்கு அது ஆகாது. ஆகவே வெளுத்த தொட்டிக்கு உரம் சேர்க்கவே கூடாது.

மாலை 5 மணிக்குமேல் மாற்றுங்கள். ஒரு டன்னுக்கு 150 முதல் 200 லிட்டர் அடர்ந்த வித்துப் பாசி விடுங்கள். குறைவாக விட்டால் செல்கள் ஒன்றுக்கொன்று நிழல் தராது. முதல் இரண்டு நாள் 75 சதவீத நிழல்வலை, அடுத்த இரண்டு நாள் 50 சதவீத வலை, அதன்பின் காலை வெயில் மட்டும். எஃப்/2 (பாசி வளர்ப்புக்கான வழக்கமான உரக்கலவை) அளவில் 1,000 லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 75 கிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 கிராம், சோடியம் மெட்டாசிலிகேட் 30 கிராம் போதும்; நுண்தாதுக்களும் வைட்டமின்களும் வழக்கம்போல. சிலிகேட்டைத் தனியே நன்னீரில் கரைத்து, காற்றோட்டம் ஓடும்போது மெல்ல ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வீழ்படிவாகிவிடும், பாசிக்குக் கிடைக்காது.

காரணம் வெயில்தானா என்று உறுதிசெய்ய, அதே வித்து, அதே தண்ணீரில் ஒரு கார்பாயை (பெரிய குடுவையை) தொட்டியின் பக்கத்திலேயே நிழலில் வையுங்கள். அது தழைத்தால் வெயில்தான். அதுவும் வெளுத்தால் வெப்பத்தையும் சிலிகேட்டையும் பாருங்கள். கீட்டோசெரஸில் கால்சிட்ரான்ஸ் இனம் 30 டிகிரிக்குமேல் தளரும், மியூலேரி இனம் கூடுதலாகத் தாங்கும். பிற்பகல் 2 மணிக்குத் தொட்டியின் பிஹெச் 9-ஐத் தாண்டினால் கார்பன் டைஆக்ஸைடு தீர்ந்துபோகிறது என்று பொருள், காற்றைக் கூட்டுங்கள்.

கேள்வி: விளக்கை அணைத்ததும் கால்வின் சுழற்சி உடனே நின்றுவிடுமா? அதை 'இருள் வினை' என்றுதானே படித்தோம்?
– கல்லூரி மாணவி, ராமநாதபுரம்

பதில்: கார்பன் டைஆக்ஸைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்கு அந்தப் பெயர் தவறான எண்ணத்தைத் தருகிறது. குளோரெல்லா போன்ற பச்சைப்பாசிகளில் ஒளி பட்டதும் ஃபெரிடாக்ஸினில் இருந்து எலக்ட்ரான்கள் தயோரெடாக்ஸின் என்ற புரதத்துக்குப் போகும். அது ஃப்ரக்டோஸ் பிஸ்பாஸ்படேஸ் போன்ற கால்வின் சுழற்சி நொதிகளின் டைசல்ஃபைடு பிணைப்பைத் திறந்து அவற்றை இயக்கும். கூடவே ஸ்ட்ரோமாவின் (பசுங்கணிகத்தின் உள்திரவத்தின்) பிஹெச் 7-லிருந்து 8 வாக்கில் ஏறி, மெக்னீசியமும் கூடி, கார்பன் டைஆக்ஸைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி செயல்பட ஏதுவாகும். ஒளி போனதும் சில நிமிடங்களில் பிணைப்புகள் திரும்ப மூடிக்கொள்ளும். சர்க்கரையை உடைக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் நொதி நேர்மாறு: ஒளியில் அடங்கி இருளில் விழிக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடினால் சர்க்கரை கட்டுவதும் உடைப்பதுமாக ஆற்றல் வீணாகும். டயாட்டம்களுக்கு இந்தப் பாடத்தை அப்படியே பொருத்த வேண்டாம். அவற்றில் கால்வின் சுழற்சியின் மற்றொரு நொதியான பாஸ்போரிபுலோகைனேஸ் இந்த முறையில் கட்டுப்படுவதில்லை.

கேள்வி: பூங்கோரை வந்தால் கடல் பகலில் பச்சை, இரவில் நீல ஒளி. இரண்டும் ஒரே பாசியா?
– மீனவர், பாம்பன்

பதில்: பூங்கோரை என்பது நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி கடலில் பெருகுவது; இரவில் ஒளிர்வது அதுதான். பச்சை நிறம் அதன் உடலுக்குள் வாழும் வேறொரு நுண்பாசியுடையது. நாக்டிலூகாவின் சிண்டிலான் என்ற நுண்ணுறுப்பில் உள்ள லூசிஃபெரேஸ் நொதி, அலையோ துடுப்போ படும்போது உள்ளே அமிலம் ஏறியதும் ஒளியை விடும். நாக்டிலூகாவின் உறவான லிங்குலோடினியம் என்ற நுண்ணுயிரி பகலில் அந்த நொதியை அழித்து, இரவுக்குப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. பூங்கோரை அடர்ந்த இடத்தில் ஆக்ஸிஜன் குறையும், அம்மோனியா ஏறும். அங்கே கூண்டில் மீன் வளர்ப்பவர்கள் விடியற்காலையில் ஆக்ஸிஜனை அளந்து பார்ப்பது அவசியம். அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும்.