சீவாளி இன்னும் வரவில்லையா?

பாரி நாயனத்துக்கு (நீளமான நாதஸ்வரம்) சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, செய்யச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, போன் செய்தால் "அடுத்த வாரம்" என்கிறார்கள், தேவகோட்டைக் கல்யாணமோ நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்று வேலையாக இருக்காது. திருவாவடுதுறைப் பக்கம் சீவாளி செய்வது வீட்டோடு நடக்கும் கைவேலை. நாணலை மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் நாதம் நிற்கும். விரட்டி வாங்கினால் பதம் வராத நாணல்தான் கிடைக்கும், சீக்கிரமே பிளந்துவிடும்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: நாணல் பதமாகிவிட்டதா, கெண்டையில் (சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழல்) கட்டுவதுதான் பாக்கியா? பதமாகவில்லை என்றால் கல்யாணத்துக்கு அதை நம்ப வேண்டாம். காரைக்குடியில் பாரி வாசிப்பவர் யாரிடமாவது பழகிய சீவாளி ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திமிரி என்கிற குட்டை நாயனத்தின் சீவாளி சரிவராது, சுருதி சேராது.

அப்புறம், புதுசு முந்தின நாள் வந்து சேர்ந்தாலும் முகூர்த்தத்தில் எடுத்து ஊதிவிடாதீர்கள். வீட்டில் வைத்து ஊதிப் பழக்கிய பிறகு மேடைக்கு எடுங்கள்.