மயிற்கூட்டுக்குள் செடி நிற்குமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எமது முருகன் கோயில் வீதியில் 20 அடிக்கு 30 அடி மயிற்கூடு உண்டு. உரிய அனுமதியுடன் ஓர் ஆணும் இரண்டு பேடும் வளர்க்கிறோம். உள்ளே செவ்வரத்தையும் புல்லும் வைத்தோம். இரண்டு கிழமைக்குள் எல்லாம் போய்விட்டன. என்ன செய்யலாம்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: நடுவில் தோட்டம் போடும் எண்ணத்தை முதலில் விடுங்கள். மயில் அலகால் கொத்திக் கெடுப்பதைவிடக் காலால் கிளறிக் கெடுப்பதே அதிகம். நீங்கள் கொத்தி எருப் போட்ட மண்ணில் மயில் புழு தேடும். வெயில் ஏறியதும் அதே மண்ணில் புரளும். வேர் வெளியே வந்தபின் செவ்வரத்தை எப்படித் தப்பும்?

ஆகவே மண் குளிக்க ஓர் இடம் கொடுத்த பிறகுதான் நடுகை. கூரையுள்ள மூலையில் 4 அடிக்கு 4 அடி, 8 அங்குல ஆழம் வெட்டி, காய்ந்த மணலும் செம்மண்ணும் நிரப்பி, கொஞ்சம் விறகுச் சாம்பல் கலந்துவிடுங்கள். ஈரம் படக்கூடாது. மற்ற இடங்களில் கிளறுவது குறையும், அடியோடு நிற்காது.

ஆணின் தோகை 5 அடிவரை நீளும். அது விரித்துச் சுற்ற 10 அடி அகலமாவது வெறுந்தரை வேண்டும் என்பதால் செடிகள் ஓரங்களுக்கே. தேசி போன்ற முள்மரம் உள்ளே வேண்டாம், தோகை கிழியும். சிறு கன்றுகள் வீண்செலவு. 4 அடிக்குமேல் வளர்ந்து, தண்டு பெருவிரல் தடிப்பான நொச்சி, செவ்வரத்தை வையுங்கள். பூவரசங் கதியால் இன்னும் மலிவு, சவர்த் தண்ணீரையும் தாங்கும். வாழையும் வைக்கலாம், ஆனால் இலை நார்நாராகத்தான் தொங்கும்.

நட்டதும் அடியைச் சுற்றி ஒன்றரை அடி தூரத்துக்கு, உள்ளங்கையைவிடப் பெரிய சுண்ணாம்புக் கற்களை நெருக்கிப் பதியுங்கள். சல்லி உதவாது, காலால் தள்ளிவிடும். தண்டைச் சுற்றி அரை அங்குலக் கண் வலைக்கம்பியை 3 அடி உயரத்துக்கு வளைத்து, மூன்று நான்கு மாதம் விடுங்கள். வெட்டிய கம்பித் துண்டு, ஆணி ஒன்றையும் நிலத்தில் விடாதீர்கள். மினுங்குவதை மயில் விழுங்கும். துத்தநாகப் பூச்சு வயிற்றில் கரைந்தால் நஞ்சு.

ஐப்பசி மழையோடு நடுவதே சரி. சித்திரையில் நட்டால் தண்ணீர் ஊற்றியே களைத்துப்போவீர்கள். மேற்கு வெயிலை மறைக்க, வலைக்கு வெளியே 2 அடி தள்ளி முல்லை நட்டு மேலே ஏற்றுங்கள். ஒரு பக்கம் போதும். நாலு பக்கமும் மூடினால் காற்றோட்டம் போய்விடும்.

புல் வேண்டுமென்றால் கூட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை ஓய்வு கொடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

கேள்வி: கூட்டோரம் மஞ்சள் அலரி நிற்கிறது. பூசைக்குப் பூ எடுக்கிறோம். வெட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: வெட்டுங்கள். இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. செவ்வலரியும் அப்படியே. காட்டில் தொடாத இலையையும் அடைபட்ட பறவை வேறு பச்சை இல்லாதபோது கொத்திப் பார்க்கும். வெட்டிய குழையை எரிக்க வேண்டாம், புகையும் கெடுதல். பூமரத்தை வீதியின் மறுகோடியில் நட்டுக்கொள்ளலாம். குரோட்டன், நித்தியகல்யாணி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி ஆகியனவும் கூட்டருகே ஆகாது.

கேள்வி: மயில் இரவில் குந்தும் தடிக்குக் கீழுள்ள செடிகள் மட்டும் கருகுகின்றன. பசளை போதவில்லையா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பசளை கூடிப்போய்விட்டது. எச்சத்திலுள்ள நைதரசனும் உப்பும் இலையையும் வேரையும் எரிக்கின்றன. தடிக்குக் கீழே செடி வைக்காமல் 3 அங்குலம் மணல் பரப்பி, கிழமைக்கு ஒருமுறை வாரி அள்ளுங்கள். அள்ளியதை மக்கவைத்து வெளித் தோட்டத்துக்குப் போடலாம். கூட்டினுள் குருணைப் பசளையோ குருணைக் கிருமிநாசினியோ வேண்டவே வேண்டாம். சிறுகல் என்று எண்ணி விழுங்கிவிடும்.

தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மாலைக்குள் மேல்மண் உலரட்டும். ஈரமண்ணில் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். கோழிகளை உள்ளே மேயவிடுவதும் ஆபத்து. அவற்றின் குடற்புழு முட்டை வழியாகக் கருந்தலை நோய் மயிலுக்குத் தொற்றும், மண்புழுவும் அந்த முட்டையைச் சுமக்கும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போனால் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.