இணையத்தில் மட்டுமே பழகிய வேறு நாட்டுத் தமிழ் நண்பர்களை நேரில் சந்தித்தால் பேச்சு ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகும். ஆனால் முதல் அரை நாள் கொஞ்சம் திணறுவீர்கள், அதிலும் தமிழ்நாட்டுக்காரர் என்றால் கூடுதலாகவே திணறுவீர்கள். நாங்கள் ஐந்து பேர் 2024 மார்ச் கடைசியில் கோலாலம்பூரில் சந்தித்தோம். அந்தக் கதையைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

எங்களைச் சேர்த்து வைத்தது குறுக்கெழுத்து. வாரம் ஒருவர் கட்டம் போட வேண்டும், மற்றவர்கள் அதை அவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் குழுவின் வேலை. நான் நாகர்கோவில். சென்னை பெரம்பூரில் இருந்து ஒரு பெண், வயதில் எல்லோருக்கும் சின்னவள், அதனால் தங்கச்சி. மலேசியாவின் கிள்ளானில் ஓர் அக்கா, சிங்கப்பூரில் ஒரு தம்பி, அப்புறம் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவின் ரொறன்ரோவில் வாழும் ஓர் அண்ணை. நான்கு வருடமாக எழுத்தில் மட்டுமே பழக்கம். எழுத்தில் யாருக்கும் ஊர் தெரியாது பாருங்கள், எல்லோரும் புத்தகத் தமிழில்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

முதல் விரிசல் ஒரு மூன்றெழுத்துக் கட்டத்தில் விழுந்தது. "உட்காருவதற்கு" என்று அண்ணை குறிப்புக் கொடுத்திருந்தார். நாங்கள் நான்கு பேரும் யோசிக்காமல் "திண்ணை" என்று நிரப்பினோம், குறுக்கே வந்த சொற்களெல்லாம் நாசமாய்ப் போனது. விடை "கதிரை". நாற்காலிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். "இது போங்காட்டம்" என்று தங்கச்சி சண்டை பிடித்தாள். "நான் நாற்காலி எண்டு போட்டால் போங்கு இல்லையோ" என்று அண்ணை கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்போது அது எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

அடுத்து அவருடைய ஊர்ப் பெயர். நாங்கள் டொரண்டோ என்று எழுதுவோம், அவர் ரொறன்ரோ. எழுத்துப்பிழை என்று ஒருநாள் நானே திருத்தப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் அந்த ஒலி வரும்போது நாக்கு மேலண்ணத்துக்கு மடங்குவதில்லை, பல்லின் அடியில் முட்டுகிறது, அப்படியிருக்க அதற்கு எதற்கு ட என்றார். மலையாளத்தில் காற்று என்று சொல்லும்போது நடுவில் ஓர் ஒலி வருமே, கிட்டத்தட்ட அது. நாங்கள் காபி, டாக்டர், காலேஜ் என்று ஆ போட்டு எழுதும் இடத்தில் அவர்கள் கோப்பி, டொக்டர், கொலிஜ் என்று எழுதுகிறார்கள். நிதானமாக யோசித்தால் ஆங்கிலத்துக்கு அவர்கள்தான் பக்கம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் அண்ணை குழுவில் "நேற்று மனிசி நல்லாப் பேசிப்போட்டா" என்று எழுதினார். தங்கச்சி உடனே நாலு இதயத்தைப் போட்டு "எவ்ளோ ஸ்வீட்" என்றாள். மனிசி என்றால் மனைவி என்பதுவரை சரியாகப் பிடித்துவிட்டாள். ஆனால் அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதெல்லாம் அவர்களுக்குக் கதைப்பது. பாவம், அவர் வீட்டில் வாங்கியதற்கு நாங்கள் வாழ்த்து அனுப்பியிருக்கிறோம்.

சந்திக்கலாம் என்று பேச்சு வந்ததும் எங்கே என்பதில் ஒரு வருடம் போனது. சிங்கப்பூர் என்றால் எனக்கும் தங்கச்சிக்கும் விசா வேண்டும். சென்னை என்றால் அண்ணைக்கு விசா வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா 30 நாள் விசா இல்லாமல் விட்டதும் முடிவு தானாக வந்தது. வருகை அட்டையை மட்டும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும். அந்த ஒரு வருடமும் குழுவில் ஒரே நேரத்தில் கூடியதுதான் பெரும்பாடு. எங்களுக்கு இரவு 8 மணி என்றால் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் 10.30, ரொறன்ரோவில் காலை 10.30. நவம்பரில் கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அண்ணை அதை மறந்து ஒரு மணி நேரம் கழித்து வந்து, "எல்லாரும் எங்கை?" என்று காலிக் குழுவில் நின்றார்.

ஊர் முடிவானதும் அக்கா, "ஆளுக்கு 300 வெள்ளி போட்டா ரூமும் சாப்பாடும் முடிஞ்சிரும்" என்றார். வெள்ளி என்றதும் தங்கச்சி கொலுசு, அரைஞாண் அளவில் யோசித்திருக்கிறாள். மலேசியாவில் ரிங்கிட்டும் சிங்கப்பூரில் டாலரும் தமிழர் வாயில் வெள்ளிதான்.

நான் திருவனந்தபுரத்திலிருந்து போய் இறங்கினேன். "அங்கயே நில்லுங்க, காடி எடுத்துட்டு வரேன்" என்று அக்கா குரல் அனுப்பியிருந்தார். குறுக்கெழுத்துக்காரன் புத்தி, காடி என்றால் புளித்த கஞ்சி என்று ஓடுகிறது. அவர் கொண்டுவந்தது வெள்ளை நிறக் கார். அந்த ஊர்த் தமிழில் கார்தான் காடி. போகிற வழியில் தன் அம்மா "பால் வெட்டி" தங்களைப் படிக்க வைத்தார் என்றார். பின்சீட்டில் இருந்த தங்கச்சிக்கு பால் கறக்கத்தானே தெரியும்! ரப்பர் மரம் அவர்களுக்குப் பால்மரம், விடியும் முன்னே போய்ப் பட்டை சீவுவது பால் வெட்டு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அக்கா, ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, மேற்கொண்டு எல்லாம் மலாய். ஆனால் எங்கள் ஐவரில் கைப்பேசி, பேரங்காடி என்று வாயில் சரளமாக வருவது அவருக்குத்தான், அதே மூச்சில் "தப்பாவ் பண்ணிக்கலாம் லா" என்றும் வரும். தப்பாவ் என்றால் பொட்டலம். சிங்கப்பூர்த் தம்பி மேடைப் பேச்சுப் போல முழு வாக்கியமாகப் பேசுவான், அதைக் கேட்டுச் சிரித்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். சிரிக்காதீர்கள்.

முதல் இரவு ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அங்கே நடந்ததைப் படம் பிடித்து வைத்திருக்கலாம். பால் இல்லாத தேநீர்தான் எல்லோருக்கும் வேண்டும். நான் பழக்கத்தில் "கட்டன் ஒண்ணு" என்றேன். தங்கச்சி "எனக்கு பிளாக் டீ, சுகர் வேணாம்". அண்ணை "தம்பி, எனக்கொரு பிளேன்ரீ தாரும்". அக்கா "தே ஓ". தம்பி மட்டும் ஐஸ் மைலோ. ஆர்டர் எடுத்தவர் தொண்டிப் பக்கத்துக்காரர், எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி "தே ஓ மூணு, தே ஓ கோசோங் ஒண்ணு, மைலோ ஒண்ணு" என்று கத்தினார். கோசோங் என்றால் காலி, அதாவது சர்க்கரை இல்லை. எங்கள் நான்கு தமிழையும் நிறுத்தாமல் மாற்றிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான், வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ.

அந்த மேசையில்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஓர் உற்சாகத்தில், தலையை ஆட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து, "ஓம் ஓம், நாங்கள் கதைப்பம்தானே" என்று அண்ணையைப் போலப் பேசிக் காட்டினேன். தங்கச்சி சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல், "தம்பி, நாங்கள் ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை. அது உங்கட படத்தில கதைக்கிறது" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் இதே வேலையைச் சென்னையில் என்னிடம் செய்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, பேச்சில் அந்த வாடை போகவில்லை. கல்லூரி விடுதியில் சீனியர்கள் இரவில் எழுப்பி "மக்கா சொல்லுடா, கேட்டியளா சொல்லுடா" என்று சொல்ல வைத்துச் சிரிப்பார்கள், அப்புறம் "நீ மலையாளியா?" என்று ஒரு கேள்வி. மூன்றே மாதத்தில் ஊர்ப் பேச்சை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இப்போதும் வீட்டுக்குப் போன் பண்ணும்போதுதான் வெளியே எடுக்கிறேன். அப்படிப்பட்டவன் நான், ரொறன்ரோவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்த மனிதரிடம் போய்.

மன்னிப்புக் கேட்டேன். "விடும், விடும்" என்றார். ஆனால் மறுநாள்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

மறுநாள் காலையிலேயே பத்துமலை. வெயில் ஏறும் முன் போய்விடலாம் என்று அக்கா இழுத்துப் போனார். வாசலில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, பக்கத்தில் 272 படி, படிக்கட்டெல்லாம் வானவில் நிறம், நடுவில் குரங்குகள். பாதிப் படியில் அண்ணைக்கு அவர் அம்மாவிடமிருந்து காணொளி அழைப்பு வந்தது. எங்களுக்குக் காலை ஏழரை, ரொறன்ரோவில் முந்தின நாள் இரவு ஏழரை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு படம் காட்டியபடியே பேசினார். "ஓமம்மா, பத்துமலையில நிக்கிறன்... இல்லையணை, இன்னும் சாப்பிடேல்லை... இஞ்ச பாருங்கோ, எவ்வளவு வடிவா இருக்கு... பேந்து எடுக்கிறன், என்ன." நான் இங்கே எழுதியிருப்பது எனக்குப் பிடிபட்டது மட்டும். நடுவில் நிறைய ஓடிப்போனது. அவ்வளவு வேகம், சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன. நான்கு வருடமாகத் தெரிந்த ஆளின் அசல் பேச்சை அன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

அதாவது, முந்தின இரவு முழுக்க அவர் எங்களுக்காக வேகத்தைக் குறைத்து, பாதிச் சொல்லை மாற்றிப் போட்டு, நம் படங்களில் கேட்ட தமிழை நோக்கி நகர்ந்து வந்து பேசியிருக்கிறார். "அப்ப எங்களுக்காக மாத்திப் பேசுறீங்களா?" என்று தங்கச்சி கேட்டதற்கு, "மாத்தாட்டி உங்களுக்கு விளங்காதே" என்றார், மிகச் சாதாரணமாக. அக்காவும் தலையாட்டினார். எங்களிடம் பேசும்போது மலாய்ச் சொற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பேசுகிறாராம். யோசித்துப் பார்த்தால் ஐந்து பேரில் ஓர் அங்குலம்கூட நகராமல் பேசியது தங்கச்சியும், சென்னைத் தமிழை இரவல் வாங்கி வைத்திருந்த நானும்தான். நாங்கள் பேசுவது தமிழ், அவர்கள் பேசுவது "ஸ்லாங்" என்ற நினைப்பு எங்களுக்குள் நன்றாக ஊறியிருக்கிறது. படம், பாட்டு, டிவி எல்லாம் இங்கிருந்தே அங்கே போவதால் அவர்களுக்கு நம் பேச்சு பழக்கம். அங்கிருந்து நமக்கு வருவது குறைவு, அதனால் நமக்குக் காது பழகவில்லை.

ஆனால் அவரிடமும் ஒரு வேடிக்கை உண்டு. 1995 போர் இடப்பெயர்வில் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். அவர் நாக்கில் இருப்பது அந்த வருடத்து யாழ்ப்பாணம். இப்போது அங்கே போனால் மருமகப் பிள்ளைகள் "மாமா, நீங்கள் அப்பப்பா மாதிரிக் கதைக்கிறியள்" என்று பகிடி பண்ணுகிறார்களாம்.

படியிறங்கும்போது அவர் தங்கச்சியிடம் "நீர் ஏன் ஒண்டும் சாப்பிடேல்லை?" என்றார். அவள் முகம் சுருங்கியது, நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். சென்னையில் யாரையாவது நீர் என்றால் ஒன்று நாடகம், இல்லை கிண்டல். இந்த இடத்தில் மட்டும் நான் உருப்படியாக ஒரு வேலை பார்த்தேன். எங்கள் தாத்தா பக்கத்து வீட்டுக்காரரிடம் "நீரு எப்பம் வந்தீரு" என்றுதான் கேட்பார். நீ என்றால் ரொம்பச் சின்னது, நீங்கள் என்றால் தூரம், நடுவில் ஒரு படி நீர். அதை விளக்கியதும் அண்ணை என் பக்கம் திரும்பி, "அப்ப நீர் ஏன் உம்மட ஊர்த் தமிழில கதைக்கிறேல்லை?" என்றார். அன்று மத்தியானச் சாப்பாட்டிலிருந்து நானும் மடித்து வைத்ததைப் பிரித்தேன். தங்கச்சிதான் பாவம், இரண்டு பக்கமும் விளங்காமல் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மற்ற வித்தியாசமெல்லாம் சில்லறை. பில் வந்ததும் நான் பிடுங்கப் பார்ப்பேன், அண்ணை கைப்பேசியில் கணக்குப் போட்டு ஐந்தாகப் பிரிப்பார், இரண்டுக்கும் முன்னால் அக்கா போய்க் கட்டியிருப்பார். தம்பி ஒன்பது மணி என்றால் 8.50க்கு வாசலில் நிற்பான். நான்கு நாளில் பழகிவிடும்.

நீங்கள் போவதானால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: சந்திப்பதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தை விட்டுவிட்டு குரல் பதிவு அனுப்பத் தொடங்குங்கள், "எங்களுக்காக மாற்றாமல் பேசுங்கள்" என்று கேட்டே வாங்குங்கள். விளங்காவிட்டால் திருப்பிப் போட்டுக் கேட்கலாமே, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை அப்படித் திருப்பிப் போட முடியாது. பேசிக் காட்டுவதை மட்டும் அவர்களாகச் சிரித்துக்கொண்டு கேட்கும்வரை தொடாதீர்கள்.

அடுத்த சந்திப்பு யாழ்ப்பாணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் மாசிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறோம். கடல் ஒத்துக்கொள்ளாது, விமானத்தில்தான் வருவேன் என்று தங்கச்சி அடம் பிடிக்கிறாள். இந்த வாரக் கட்டம் அவளுடையது. மூன்றெழுத்து, "உட்காருவதற்கு" என்று போட்டிருந்தாள். எல்லோரும் கதிரை என்று நிரப்பினோம். விடை திண்ணையாம்.